பெங்களூரில் பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். முந்தைய ஓனரின் ஃபைனை நான் கட்ட வேண்டுமா?

கேள்வி இதுதான்: வண்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது, டிராஃபிக் போலீஸ் தளத்தில் எண்ணைப் போட்டால் ஆறு சலான் (அபராதச் சீட்டு) காட்டுகிறது, எதுவும் நீங்கள் செய்ததில்லை, கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு உங்களுடையதில்லை. ஆனால் ரோட்டில் நிறுத்திக் கேட்பது உங்களைத்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதற்கு அப்படியே பொருந்தும். நானும் இதே இடத்தில் மாட்டியிருக்கிறேன் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

2022 நவம்பரில் அல்சூரில் ஒருவரிடம் பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். எஞ்சின் சத்தம் கேட்டேன், டயரைத் தட்டிப் பார்த்தேன், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் கையில் வாங்கிக்கொண்டேன். வண்டி எண்ணில் கேஸ் ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. பெயர் மாற்றத்தையும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டுவிட்டேன். ஜனவரியில் ஒரு நாள் டிரினிட்டி சர்க்கிள் அருகே ஏ.எஸ்.ஐ. ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். ஹெல்மெட் போட்டிருக்கிறேன், லைசென்ஸ் இருக்கிறது, எதற்கென்று புரியவில்லை. மெஷினில் எண்ணைத் தட்டிப் பார்த்தவர், "ஹத்து கேஸ் இதெ" என்றார். பத்து கேஸ். ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு ஏழு, சிக்னல் தாண்டியதற்கு மூன்று. 2019-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் என்றது. கர்நாடக அரசு அதே ஆண்டு செப்டம்பரில் அதை 500 ஆகக் குறைத்தது. சிக்னலுக்கும் 500தான். ஆக மொத்தம் 5,000.

கன்னடத்தில் அபராதத்துக்கு 'தண்ட' என்பார்கள். நம் பேச்சில் தண்டம் என்றால் வீண் செலவு. அன்றைக்கு அந்தச் சொல் எனக்கு இரண்டு பொருளிலும் வலித்தது.

வீட்டுக்கு வந்து சலான்களில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஹெல்மெட் கேஸ் ஏழில் நான்கு ஒரே சிக்னலில், காலை எட்டு மணி சுமாருக்கு எடுத்தவை. வண்டியை ஓட்டுபவர் விற்றவரேதான். அவருக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், யூனிஃபார்ம் போட்ட ஒரு சிறுமி நிற்கிறாள். கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்குகிறது, ஒரு கை கண்ணாடிக் கம்பியைப் பிடித்திருக்கிறது. இரண்டு பேர் தலையிலும் ஒன்றுமில்லை. பிரேக் பிடித்தால் முதலில் போய் மோதுவது அந்தக் குழந்தையின் முகம். 5,000 ரூபாய் அதற்கு முன்னால் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான்கு வயது தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது, பின்னால் உட்கார்பவரும் அதில் சேர்த்தி. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு ஹெல்மெட்டோடு பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

விற்றவருக்குப் போன் செய்ததும் முதலில், "பாப்பாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்க சார்" என்றுதான் சொன்னேன். சரி சரி என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டதும், "வண்டியக் கொடுத்தாச்சுல்ல, இனிமே உங்க பாடு" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பிப்ரவரியில் பாக்கி அபராதத்துக்கு 50 சதவீதத் தள்ளுபடி அறிவித்தார்கள். பெங்களூர் ஒன் என்ற அரசு சேவை மையத்தில் வரிசையில் நின்று 2,500 கட்டி ரசீது வாங்கினேன். அந்த ஒன்பது நாளில் 120 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025 ஆகஸ்டிலும் இதே தள்ளுபடி மறுபடி வந்தது. எனக்கு இது சரியாகப் படவில்லை. சலான் வந்த வாரமே முழுசாகக் கட்டியவருக்கு என்ன பதில்? அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். சலான் என்பது, இந்தத் தொகையைக் கட்டினால் வழக்கு இத்துடன் முடிகிறது என்ற ஏற்பாடு. கட்டவில்லையென்றால் விஷயம் கோர்ட்டுக்குப் போகும், சம்மன் வரும், போகாமல் இருந்தால் வாரண்ட் வரைக்கும் போகலாம். குடித்துவிட்டு ஓட்டுவது போன்றவை இப்படிக் கட்டி முடிக்க முடியாத வேறு ரகம். அதற்கு முதல் முறையே 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து அவன் மாட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும்.

இப்போது உங்கள் விஷயம். ஆறு சலானிலும் தேதி, நேரம் இருக்கும். வண்டி உங்கள் கைக்கு வந்த நாளைக் காட்ட டெலிவரி நோட்டோ, பணம் அனுப்பிய விவரமோ இருந்தால் விற்றவரிடம் அதை வைத்துப் பேசுங்கள். அவருக்கும் இதில் பயம் இருக்க வேண்டும். நவீன்குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவரிடம் எடுத்துச் சொல்லலாம்: வண்டி பல கை மாறிய பிறகு நடந்த விபத்துக்குக்கூட, ஆர்.சி.யில் எவர் பெயர் இருந்ததோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. நீங்கள் நாளைக்கு எங்காவது மோதினால் நோட்டீஸ் போவது அவர் வீட்டுக்கு. இதைக் கேட்டால் பலர் இறங்கி வருவார்கள். நான் இதை அப்போதே தெரிந்து வைத்திருந்தால் அந்த 2,500-ஐக் கட்டியிருக்க மாட்டேன்.

அப்படியும் அவர் மசியவில்லை என்றால், ஆறு சலானுக்காக கோர்ட் வரை அலைவதைவிடக் கட்டிவிடுவதே மேல் என்பது என் கருத்து. பாக்கி இருந்தால் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றமும் தடைபடலாம். எங்கே கட்டினாலும் ரசீது வாங்காமல் கையில் காசு கொடுக்காதீர்கள்.

வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் சொல்ல வேண்டும், அது உங்களுக்கு ஏற்கெனவே தாண்டிவிட்டது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து தேவை. ஃபைன் பேச்சில் மனஸ்தாபம் வருவதற்கு முன்னால் முதலில் அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.