ஃபோர்க்ஸில் இரவு தங்கலாமா, வழியில் எட்டிப் பார்த்தால் போதுமா?

ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போகிறீர்கள் என்றால் தாராளமாகத் தங்கலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 101-ஆம் நெடுஞ்சாலையில் உள்ள சின்ன ஊர் இது, அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹோ மழைக்காடு இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், கோடையில் பூங்கா வாசலில் கார்கள் வரிசை கட்டி நிற்கும் என்பதால் இங்கே தூங்கி விடியற்காலையில் கிளம்புவதே நல்லது.

ஒரு காலத்தில் மரம் வெட்டியே வாழ்ந்த ஊர். புள்ளி ஆந்தையைக் காப்பதற்காக 1990-களில் அரசுக் காடுகளில் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்ததும் பிழைப்பு படுத்துவிட்டது. அப்புறம் இந்த ஊரில் நடப்பதாக எழுதப்பட்ட ‘ட்வைலைட்’ என்ற ரத்தக்காட்டேரி நாவலால் கூட்டம் வரத் தொடங்கியது தனிக்கதை.

மர அருங்காட்சியகத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பழைய இழுப்பு ரம்பங்களைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனால், பெரிய அடிக்கட்டைகளில் தரையிலிருந்து ஆள் உயரத்தில் கண் மாதிரி இரண்டு பள்ளம் தெரியும். அடிமரம் ரொம்பப் பருமன் என்பதால் அந்தப் பள்ளங்களில் பலகையைச் செருகி, மேலே ஏறி நின்று அறுத்திருக்கிறார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம். குடை வேண்டாம், நல்ல மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.