வரைபடத்தில் தெரியும் புள்ளி

கேள்வி: கணக்கு எழுதித்தரும் தொழில் செய்கிறேன். போன வாரம் ஒரு வணிக வளாகத்தில் காரைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்புவதற்குள், பின்பெட்டியில் இருந்த மடிக்கணினி காணாமல் போய்விட்டது. காரில் ஒரு கீறல்கூட இல்லை. என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்தால், அது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருப்பதாகக் காட்டுகிறது. தம்பியையும் அவன் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்கலாமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: போகாதீர்கள், அம்மா. ஆபத்து ஒருபுறமிருக்க, அந்தப் புள்ளி வீட்டு முகவரியும் அன்று. பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜிபிஎஸ் கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபை அலைகளை வைத்தே இருப்பிடம் கணிக்கப்படுவதால், ஃபீனிக்ஸைப் போல வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் அது நாலைந்து வீடுகளில் எதையும் குறிக்கலாம். அருகில் காட்டப்படும் நேரத்தையும் பாருங்கள். கணினி கடைசியாக இணையத்தில் இணைந்த நேரம் அது. திரையை அந்த நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் உள்ள பூட்டும் வசதியை உடனே பயன்படுத்துங்கள். கோபத்தில் கணினியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால், தேடும் வழியும் அதோடு போய்விடும். பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் (திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைக்கும் ஏற்பாடு) இல்லாவிட்டால், பூட்டிய கணினியின் சேமிப்பகத்தையும் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படித்துவிட முடியும். ஆகவே வேறு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள்; மற்றக் கடவுச்சொற்களெல்லாம் அதன் வழியாகவே மீட்டமைக்கப்படுகின்றன. பிறகு வங்கியும் வருமான வரி இ-ஃபைலிங்கும். வாடிக்கையாளர்களின் அடையாள எண்களும் வங்கி விவரங்களும் அதில் இருந்தன என்றால், போப்பியா என்று நாம் அழைக்கும் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, அவர்களுக்கும் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் தெரிவிக்கும் கடமை உங்களுடையது. சங்கடமான வேலைதான்; தள்ளிப்போட இயலாது.

காவல் நிலையத்தில் பலர் 'கறுப்பு நிற மடிக்கணினி ஒன்று' என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். அப்படி எழுதினால், கணினி பிடிபட்டாலும் அது உங்களுடையதென்று யாராலும் சொல்ல முடியாது. வரிசை எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். வாங்கிய பெட்டியிலும், பெரும்பாலும் ரசீதிலும் அது இருக்கும். அடிப்புற ஒட்டுச்சீட்டைத் திருடன் சுரண்டியிருந்தாலும், கணினியைத் தொடக்கும் உள் மென்பொருளான பயோஸில் பதிந்த எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பழைய பொருள் வாங்கும் கடைகள், 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டப்படி, விற்பவரின் அடையாள விவரத்தைப் பதிவேட்டில் குறிக்கவேண்டியவை. அந்தப் பதிவேட்டைப் புரட்டும் காவலருக்குத் தேவைப்படுவது இந்த எண்தான். கணினி எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இணைந்தது என்பது தெரிந்தாலும், அது யாருடைய இணைப்பு என்று இணைய நிறுவனம் உங்களிடம் சொல்லாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின் கீழ் அதைக் கேட்டுப் பெறும் வழி காவல்துறைக்கு உண்டு.

கீறல் இல்லை என்றீர்களே, ரிமோட் அலையைத் தடுத்துக் கார் பூட்டவிடாமல் செய்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். உடைத்த அடையாளம் இல்லாத திருட்டுக்குப் பணம் தரக் காப்பீட்டு நிறுவனங்கள் தயங்குவதுண்டு. கண்காணிப்புக் கேமரா பதிவே உங்களுக்குச் சாட்சி. அதுவும் சில நாட்களில் அழிந்து மறுபதிவாகிவிடும். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, அந்த நேரத்துப் பதிவைக் காவல்துறைக்காக ஒதுக்கிவைக்கும்படி வளாக நிர்வாகத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்.