லோயர் பண்ணின வண்டி கத்துதா? கேளுங்க

கோயமுத்தூர்ல 18 வருஷமா அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிபண்றது), சஸ்பென்ஷன் வேலை. இன்னைக்கு ஞாயிறு, கடை லீவு, சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். என்ன வண்டி, எவ்வளவு இறக்கியிருக்கீங்க, சத்தம் எப்ப வருது, இந்த மூணையும் சொல்லிட்டுக் கேளுங்க.

சேலம் ஸ்விஃப்ட்: 2019 மாடல். லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மி.மீ. இறக்கினேன். ரெண்டே மாசத்துல, ஸ்பீட் பிரேக்கர் ஏறினா முன்பக்கம் பழைய கயித்துக்கட்டில் மாதிரி கீச்சுங்குது. ஸ்பிரிங் டூப்ளிகேட்டா?

ஸ்பிரிங் மேல பழி போடாதீங்க தம்பி. நான் பார்க்கற கீச்சுல பாதிக்கு மேல லோயர் ஆர்ம் புஷ்தான். சக்கரத்தை வண்டியோட சேர்க்கற கீழ்க் கைதான் லோயர் ஆர்ம், அது வண்டியில மாட்டற இடத்துல இருக்கறது புஷ்.

அந்த புஷ் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க. வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினதும் உள்குழாய் பிராக்கெட்டோட கவ்விக்கும், சுத்தாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கிட்டுத் திரும்பும். எந்த நிலையில இறுக்கினாங்களோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. கம்பெனியில அவங்க உயரத்துக்கு இறுக்கி அனுப்பினாங்க. நீங்க 40 மி.மீ. இறக்கினதும், வண்டி சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்கின ஈரத்துணி மாதிரிதான் இருக்கும். அது மேல ஸ்பீட் பிரேக்கர் வேற. இந்திய ரோடு காங்கிரஸ் கணக்குல ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம்ம தெருவுல உயரம் மட்டும்தான் இருக்கு, அகலத்தைக் காணோம். ரப்பர் கிழியும், கத்தும்.

ஆர்ம் போல்ட்டையும் பின்பக்க ஆக்சில் பீம் போல்ட்டையும் லூஸ் பண்ணி, நாலு சக்கரமும் தரையில வெயிட் வாங்கி நிக்கும்போது வண்டியை நாலு அமுக்கு அமுக்கிட்டு, டார்க் ரெஞ்ச்சுல (அளவு வெச்சு இறுக்கற ஸ்பேனர்) இறுக்கணும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினா வந்ததைவிட மோசமா போகும். பிட், அதாவது அடியில இறங்கி நின்னு வேலை பார்க்கற குழி, இருக்கற கடையா பாருங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க.

அதுக்கு முன்னாடி எந்த புஷ்னு கண்டுபிடிக்கணும். என்கிட்ட இருக்கறது துணி தேய்க்கறவங்க வெச்சிருக்கற தண்ணி பாட்டில்தான். பையன் பானெட்டை அமுக்கிக்கிட்டே இருப்பான், நான் பிட்டுல இருந்து ஒவ்வொரு புஷ்ஷுக்கா ரெண்டு பீச்சு. எதை நனைச்சதும் சத்தம் நிக்குதோ அதுதான். தண்ணி காய்ஞ்சா திரும்ப வரும், பயப்படாதீங்க. ரப்பர் கிழியலைன்னா லூஸ் பண்ணி இறுக்கினாலே போதும், கிழிஞ்சிருந்தா மாத்துங்க. கடைசியாதான் அலைன்மென்ட்.

போலோ, திருப்பூர்: ரப்பருக்குப் பதிலா பி.யூ. (பாலியூரித்தேன்) புஷ் போட்டேன். மழை விட்டு ரெண்டு நாள்ல கீச் ஆரம்பிக்குது.

கிரீஸ் கழுவிட்டுப் போயிருக்கு. பி.யூ. ரப்பர் மாதிரி முறுக்காது, குழாய் மேல வழுக்கிச் சுத்தும். அதனால கிரீஸ் அதுக்குச் சாப்பாடு. கழட்டி, துடைச்சு, சிலிகான் கிரீஸ் தாராளமா உள்பக்கம் தடவி மாட்டுங்க. வெளியில இருந்து ஸ்ப்ரே அடிச்சா உள்ளே போகாது. தரையில நிக்க வெச்சுத்தான் இறுக்கணும்ங்கற கண்டிப்பு பி.யூ. புஷ்ஷுக்குக் கிடையாது.

ஒருத்தர்: அண்ணா சத்தம் வருது, என்ன பண்ண?

மேல மூணு விஷயம் கேட்டிருக்கேன்.

பழைய சிவிக்: 2008. பின்னாடி அட்ஜஸ்டபிள் கேம்பர் ஆர்ம் (சக்கரத்தோட சாய்வை மாத்தற கை). அலைன்மென்ட் சீட்டுல எல்லாம் பச்சை, ஆனா குழியில டக்குங்குது.

டக்குனா முதல்ல செக் நட், அதாவது வெச்ச அளவு மாறாம ஆர்மைப் பூட்டற நட். அலைன்மென்ட் பண்ணினவர் ஆர்மைத் திருப்பி அளவு வெச்சுட்டு, நட்டைக் கையாலயே விட்டிருப்பார். இறுக்கிட்டு, நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கே பெயிண்ட்ல ஒரு கோடு போடுங்க. அடுத்த மாசம் கோடு விலகியிருந்தா தெரியும். நட் டைட்டா இருந்தும் சத்தம்னா ஆர்ம் நுனியில இருக்கற ராடு எண்ட் ஜாயிண்ட் தேய்ஞ்சிருக்கு. அதுக்குள்ள டெஃப்லான் லைனிங் இருந்தா கிரீஸ் வைக்காதீங்க, மண்ணைக் கூட்டிட்டு வந்து லைனிங்கைத் தின்னுடும். பச்சை, சிவப்பு எல்லாம் வண்டி நிக்கற நேரத்துக் கணக்கு. ஆடற ஜாயிண்ட் ஓடும்போது வேற கணக்கு போடும்.

பெலினோ: டபிள்யூடி-40 அடிக்கலாமா?

வேண்டாம். அன்னைக்கு நிக்கும், அடுத்த வாரம் ரெண்டு மடங்கா வரும்.

ஈரோடு, லாரி குடும்பம்: எங்க தாத்தா லாரிப் பட்டை ஸ்பிரிங்ல இருந்து ரப்பர் புஷ் வரைக்கும் விளக்கெண்ணெய்தான் விடுவாரு. நானும் என் ஐ20-ல, 30 மி.மீ. இறக்கினது, அதைத்தான் விடறேன். ஒரு வாரம் சத்தமில்ல. உங்க சிலிகான் கிரீஸ் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்.

வைத்தியம் வயித்துக்கு, வண்டிக்கு இல்ல.

ஈரோடு: சிரிக்காதீங்க. அந்தக் காலத்துல பிரேக் ஆயில்லயே விளக்கெண்ணெய் கலந்தாங்க.

அது உண்மைதான், மறுக்கல. ரப்பர் வாஷர் இருந்த பழைய பிரேக்குக்கு விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான். காரணம், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் மாதிரி கனிம எண்ணெய் பட்டா இயற்கை ரப்பர் ஊதிப்போகும்; விளக்கெண்ணெய்க்கு ஊதாது. பிரேக் வேலைக்கு வர்ற சிவப்பு ரப்பர் கிரீஸ்கூட விளக்கெண்ணெய் வழி வந்ததுதான். காஸ்ட்ரால்ங்கற பேரே ஆமணக்கோட இங்கிலீஷ் பேர்ல இருந்து வந்தது. உங்க தாத்தா ரப்பரைக் கெடுக்கல, ஒத்துக்கறேன்.

ஈரோடு: அப்ப நான் ஜெயிச்சேன்.

இல்லீங்க. ஒட்டியிருக்கற புஷ்ல எண்ணெய் போக வழியே இல்ல. போகுதுன்னா ரப்பர் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம். வாரா வாரம் விட்டு, கிழிசலை மூடி மறைச்சுட்டிருக்கீங்க. அந்தப் பிசுபிசுப்புல அவிநாசி ரோட்டு மண் பூரா ஒட்டும். போய் ஒருதரம் தண்ணி அடிச்சுப் பாருங்க.

ஈரோடு: ஞாயித்துக்கிழமை மத்தியானமேவா?

புஷ் மேல, அய்யா.

சிட்டி: 35 மி.மீ., ஸ்பீட் பிரேக்கர்ல கீச்...

சேலத்துக்காரருக்குச் சொன்னதே.

அமேஸ்: லோயரிங் ஸ்பிரிங் போட்டதுல இருந்து முன்பக்கம் கீச். ஆர்ம் போல்ட்டைத் தொடலைன்னு கடைக்காரர் சொல்றார்.

சேலம். மேல போய்ப் படிங்க. தொடாததுதான் வியாதி.

வென்டோ: நின்ன இடத்துல ஸ்டீரிங் திருப்பினா டொய்ங்குங்குது.

ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், ஷாக்கும் ஸ்பிரிங்கும் மேல வண்டியோட சேர்ற இடத்துல இருக்கறது. ஒருத்தர் ஸ்டீரிங் திருப்பட்டும், நீங்க சக்கர வளைவுக்குள்ள ஸ்பிரிங்கை லேசா ஒரு விரலால தொட்டுப் பாருங்க, சுருளுக்கு நடுவுல விரலை விடாதீங்க. ஸ்பிரிங் சேர்ந்து திரும்பாம, முறுக்கேறி படக்குனு துள்ளினா பேரிங் போச்சு. ஷாக் கழட்டும்போதே மாத்தியிருக்கணும், அந்தக் கூலியே மிச்சம்.

ஆல்டோ: ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டி இறக்கித் தர்றேங்கறாங்க, சீப்பா.

வேலை செய்யற 6 சுத்துல ஒண்ணை வெட்டினா ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும், ஷாக் பழையதுதான். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் சீட்டை விட்டு நகரும். அப்புறம் என்கிட்ட டங்குன்னு சத்தம்னு வருவீங்க. வண்டியை மாத்தி அமைக்கறதைப் பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் படிச்சுக்கங்க. வெட்டினதை நான் தொடமாட்டேன்.

இன்னொரு ஸ்விஃப்ட்: டயர் உள்பக்கம் தேயுது. கேம்பர் போல்ட் போடணுமா?

முதல்ல டோ, அதாவது மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கற அளவு. மைனஸ் ஒன்றரை டிகிரி கேம்பர் மெதுவாத்தான் தின்னும். டோ கெட்டா டயரை ரோட்டுல இழுத்துட்டே போற மாதிரி. ஸ்விஃப்ட்ல கம்பெனி கொடுத்தது முன்பக்க டோ அட்ஜஸ்ட் மட்டும்தான். அதைப் பூஜ்யத்துக்குப் பக்கம் வெச்சு 1,000 கி.மீ. ஓட்டிட்டு அப்புறம் கேம்பர் போல்ட்டை யோசிங்க. புஷ் கிழிஞ்சிருந்தா ரெண்டுமே நிக்காது.

ஈரோடு: தண்ணி அடிச்சேன். இடதுபக்க லோயர் ஆர்ம். டார்ச் அடிச்சுப் பார்த்தா ரப்பர்ல நகம் நுழையற வெடிப்பு, உள்ளே பூரா எண்ணெய்ச் சேறு.

ஜாக்கியில ஏத்திட்டா அடியில போனீங்க?

ஈரோடு: எங்க லாரி பிட் இருக்குங்ணா. நாளைக்கு புஷ் வாங்கறேன். இறுக்கும்போது தரையில நிக்கணும், அதானே?

அதேதான். வலதுபக்கமும் சேர்த்து மாத்திருங்க.