கார்த்திகை மழையில் வீட்டுக் கல்யாணம்: படம் எடுப்பவருக்குச் சில யோசனைகள்

கேள்வி: திருகோணமலைக்குக் கிட்ட உள்ள சாம்பல்தீவில் அப்பப்பா கட்டின பழைய வீட்டில்தான் மச்சாளின் கல்யாணம். கார்த்திகைக் கடைசி, முகூர்த்தம் காலை ஒன்பது மணிக்கு மேல். வீடு கிழக்குப் பார்த்தது. முன்னால் விறாந்தை, உள்ளே பெரிய ஹோல், ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, வடக்குச் சுவரில் இரண்டு யன்னல். படம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். ஒரு ஏபிஎஸ்-சி கமரா (நடுத்தர அளவு சென்சர் உள்ளது), அதனோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு 50 எம்எம் எஃப் 1.8, ஒரு ஃபிளாஷ் இருக்கின்றன. ஒரு நேரம் வெயில், ஒரு நேரம் கும்மிருட்டு என்றிருக்கும் காலத்தில் எப்படிச் சமாளிப்பது? திருமலை ரவுணில் ஒரு மண்டபத்துக்கு மாற்றச் சொல்லலாமா? இன்னொரு ஃபிளாஷ் வாங்க வேண்டுமா?

பதில்: மண்டபத்துக்கு மாற்றச் சொல்லாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்லும் வீடு படத்துக்கு நல்ல வீடு. கிழக்கு வாசலும் விறாந்தையும் இருக்கிற வீட்டில் மழை நாளில் கிடைக்கும் வெளிச்சத்தை, யன்னலெல்லாம் மூடிக் குளிரூட்டிய மண்டபத்தில் எத்தனை லைற் போட்டாலும் கொண்டுவர முடியாது. உங்களுக்குத் தொல்லை தரப்போவது மழை இல்லை. மழைக்குப் பயந்து வீட்டுக்காரர் கட்டப்போகும் தறப்பாளும், சோடனைக்காரர் கொண்டுவரும் லைற்றும்தான். இந்த இரண்டையும் கல்யாணத்துக்கு முதல் வாரமே பேசி முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் மணவறை. பொண்ணு மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்த்து இருத்துவதுதான் பெரும்பாலும் வழக்கம். அப்படியென்றால் மணவறை ஹோலின் மேற்குச் சுவரோடு வரும், வாசல் அவர்களுக்கு நேரே இருக்கும். வாசல் வெளிச்சம் முகத்துக்கு நேராகவும், வடக்கு யன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலும் விழும். இதைவிட நல்ல ஏற்பாட்டைக் காசு கொடுத்தும் செய்ய முடியாது. சோடனைக்காரர் இடம் பற்றாது என்று மணவறையை மூலைக்குத் தள்ளப் பார்ப்பார், அல்லது யன்னலை மறைத்துத் துணி கட்டப் பார்ப்பார். அவர் வேலை தொடங்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். ஐயரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: கோமம் எங்கே வரும், அவர் எந்தப் பக்கம் இருப்பார் என்று. அவர் யன்னல் பக்கம் இருந்தால் அவருடைய நிழல் பொண்ணின் மடியில் விழும்.

கார்த்திகைக் கடைசியில் சூரியன் நேர் கிழக்கில் எழாது, தென்கிழக்காகச் சாய்ந்து எழும். ஒன்பதரை மணிக்கெல்லாம் நன்றாக ஏறிவிடும். அதனால் திடீரென்று முகில் விலகி வெயில் அடித்தாலும் விறாந்தைக் கூரை அதை மறித்துவிடும், நேர் வெயில் ஹோலுக்குள் வராது. முற்றத்து மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் உள்ளே வரும், அது நல்ல வெளிச்சம். கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் அதே நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய், யாரையாவது கதிரையில் இருத்தி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஊகிப்பதைவிடப் பார்த்துவிடுவது நல்லது.

இனித் தறப்பாள். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் சாரல் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். உங்கள் வாசலும் யன்னலும் இருக்கிற திசை அதுதான். வீட்டுக்காரர் கட்டாயம் விறாந்தையை மறைத்து எதையாவது கட்டுவார், கட்டத்தான் வேண்டும். ஆனால் கைக்கு முதலில் வருவது நீலத் தறப்பாளாக இருக்கும். அதற்குக் கீழே நிற்கும் ஒரு மாமியின் முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: நெற்றிக் குங்குமம் கறுப்பாகிவிடும், மஞ்சள் பூசிய கன்னம் பச்சை தட்டும், பட்டுச் சேலையின் சரிகை ஈயம் மாதிரி மங்கும். கண் அதைப் பழகிக்கொள்ளும், கமரா பழகாது. பிறகு கணினியில் திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம். நீலத்தை இழுத்தால் பின்னால் இருக்கும் சுவர் செம்மஞ்சளாகிவிடும். செம்மஞ்சள் தறப்பாளும் இதே கதைதான். நிறமில்லாத கண்ணாடிப் பொலித்தீனை வாங்கித் தரச் சொல்லுங்கள். தண்ணியும் வராது, வெளிச்சம் அதன் நிறத்திலேயே வரும். கிடைக்காவிட்டால் வெள்ளைத் தறப்பாள் கட்டலாம். முற்றத்துப் பந்தலுக்கும் இதையே சொல்வேன், முக்கியமாகச் சாப்பாட்டுப் பந்தலுக்கு. ஆட்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பது அங்கேதான்.

கூரை விஷயத்தில் எங்கள் பழைய வழக்கம் ஒன்று உங்களுக்குக் கைகொடுக்கும். முந்தி கல்யாண வீட்டில் மணவறைக்கு மேலே வெள்ளை கட்டுவார்கள். இப்போது பல வீடுகளில் அதை விட்டுவிட்டார்கள். இந்த வீட்டில் அதைக் கட்டச் சொல்லிக் கேளுங்கள், பெரியவர்கள் சந்தோஷப்பட்டுச் செய்வார்கள். ஓட்டுக் கூரை உயரம், இருட்டு, சிவப்பு. ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் வளைமரத்துக்குள் போய்த் தொலையும். திரும்பி வருகிற கொஞ்சமும் செங்கல் நிறத்தில் வரும். பத்தடி உயரத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் அதே ஃபிளாஷ் ஹோல் முழுவதும் பரவி மெல்லிய வெளிச்சம் தரும். ஃபிளாஷின் தலையை நேர் மேலே நிறுத்தாமல், கொஞ்சம் முன்னுக்கோ பக்கத்துக்கோ சாய்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் கண்குழியில் நிழல் விழும். சுவரில் அடிப்பதென்றால் வெள்ளைச் சுவரில் மட்டும். பழைய வீட்டுப் பச்சைச் சுவரில் அடித்தால் ஆளும் பச்சையாகத்தான் வருவார். சிவப்புச் சீமெந்துத் தரையும் நாடிக்குக் கீழே சிவப்பு அடிக்கும், மணவறைக்கு முன்னால் வெள்ளைச் சீலை விரித்தால் சரி.

லைற்றைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பகல் முகூர்த்தத்துக்கு யன்னல் வெளிச்சம் போதுமென்றால் ஹோலில் மஞ்சள் பல்ப் எதுவும் எரியக்கூடாது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: மழை முகில் வெளிச்சம் 6500 கெல்வினுக்கு மேலே நீலப் பக்கம், மஞ்சள் பல்ப் 3000 கெல்வினுக்குக் கிட்ட. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். பிறகு திருத்த வசதியான ரோ ஃபைலில் எடுத்தாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். வெளியில் மிகவும் இருண்டு லைற் போட்டே ஆகவேண்டும் என்றால் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கட்டும். நிறம் மாறி மாறி மினுங்கும் சோடனை லைற்றை, தாலி கட்டி முடியும் வரையாவது அணைத்து வைக்கச் சொல்லுங்கள். வீடியோ எடுப்பவரிடமும் முதலே கதையுங்கள். அவருக்குத் தொடர்ந்து எரியும் வெளிச்சம் தேவை, அது நியாயம்தான். பகல் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும் 5600 கெல்வினில் வைத்து, வாசல் பக்கத்திலிருந்தே அடிக்கச் சொன்னால் இரண்டு பேருக்கும் நல்லது.

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடி பல்புகள் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை அதிவேகத்தில் வைத்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழும். அந்த வெளிச்சத்தில் 1/100-ல் வையுங்கள். கமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் இந்தக் கணக்குப் பிசகலாம், அப்போது ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த மழைக்காலத்தில் கரண்ட் போகும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

கமராவை எப்படி வைப்பது? முகில் வந்து வந்து போகும் நாளில் ஷட்டரையும் அப்பேச்சரையும் (லென்ஸ் திறக்கும் அளவு, எஃப் எண்) நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவு) கமராவிடம் விடுங்கள், உச்சம் 6400. எல்இடி வெளிச்சம் இல்லாதபோது சடங்கு நேரத்தில் 1/160-க்குக் கீழே போக வேண்டாம், கைகள் அசைந்துகொண்டே இருக்கும். ஐஎஸ்ஓ 3200 என்றால் புள்ளி விழுமே என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் போடலாம், கலங்கின படத்தை என்ன செய்வது? ஃபிளாஷ் போட்டால் மட்டும் ஐஎஸ்ஓவை 1600-ல் நிறுத்தி, எஃப் 4, 1/125 என்று தொடங்கிப் பாருங்கள்.

50 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து வைத்தே எடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். உங்கள் கமராவில் இரண்டு மீற்றர் தூரத்தில் அது தெளிவாகப் பிடிக்கும் ஆழம் அரைச் சாண்தான். பொண்ணின் கண் தெளிவாக இருந்தால் மாப்பிள்ளையின் கண் போய்விடும். இரண்டு பேரும் வரும் படத்துக்கு எஃப் 2.8 வையுங்கள், முக்கால் சாண் கிடைக்கும். தாலி கட்டும்போது இரண்டு முகமும் கிட்டக் கிட்ட வருவதால் அது போதும்.

கூறைச் சேலைக்குத் தனிக் கவனம் வேண்டும். அடர் சிவப்பும் பொன் சரிகையும் சேர்ந்தால் கமராவின் சிவப்புப் பகுதி மற்ற நிறங்களுக்கு முதல் நிரம்பி வழிந்துவிடும். திரையில் படம் சரியாகத்தான் தெரியும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சேலையில் நெசவே இருக்காது, சிவப்புச் சாயம் ஊற்றின மாதிரி ஒரே தட்டாகக் கிடக்கும். வெளிச்ச அளவில் அரை ஸ்டொப் (அரைப் படி) குறைத்து எடுத்து, கமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். பொண்ணு கூறையை வாங்கிக்கொண்டு உடுத்திவரப் போகும் நேரம் உங்களுக்கு ஒரு பொன்னான இடைவெளி. முகில் மாறியிருக்கிறதா, பற்றரி எவ்வளவு இருக்கிறது, மெமரி காட்டில் இடம் இருக்கிறதா என்று அப்போது பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்ரூலையும் அந்த நேரத்திலேயே இடம்பிடித்து வையுங்கள். கெட்டி மேளம் கேட்டதும் அறுகரிசியோடு எல்லாரும் எழும்புவார்கள், கீழே நிற்பவருக்கு முதுகுதான் தெரியும்.

பொண்ணை வெளிக்கிடுத்தும் அறையில் ஏசி போட்டிருப்பார்கள். அங்கே குளிர்ந்த கமராவைக் கையில் பிடித்தபடி ஹோலுக்கு வந்தால், இந்த மாதத்து ஈரக் காற்றில் லென்ஸில் ஆவி படிந்து கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. துடைத்தால் திரும்பப் படியும். லென்ஸைக் கழற்றினால் உள்ளேயும் படியும், அந்த வேலை வேண்டவே வேண்டாம். அறைக்குள் இருக்கும்போதே கமராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி, வெளியில் கொண்டுவந்து இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். நேரம் இல்லையென்றால் முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னாலேயே ஏசியை நிறுத்தி யன்னலைத் திறக்கச் சொல்லலாம். அலங்காரம் செய்பவர் முறைப்பார், பரவாயில்லை. மழையில் நனைந்தால் உடனே பற்றரியைக் கழற்றித் துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூள் உள்ளே போகும்.

குடும்பப் படங்களை எங்கே எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் மழை நாளில் எல்லாரையும் குழப்பும். விறாந்தையின் விளிம்பில் ஆட்களை முற்றம் பார்க்க நிறுத்துங்கள். கூரைக்குள் நிற்பதால் அவர்கள் நனைய மாட்டார்கள், வானத்து வெளிச்சம் எல்லார் முகத்திலும் சமமாக விழும். நீங்கள் முற்றத்தில் குடைக்குக் கீழே நின்று 18-55 லென்ஸில் எடுக்க வேண்டியதுதான், எஃப் 5.6, முகங்களுக்கு நேர் உயரத்தில். குடை பிடிக்க ஒரு தம்பியை வைத்துக்கொள்ளுங்கள், குடை கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கட்டும். அம்மம்மா, அப்பப்பா போன்ற வயதானவர்களின் படத்தை முதலில் எடுத்து அவர்களை இருக்க விடுங்கள்.

வெளிப்படத்துக்காக ரவுணுக்கு ஓடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவது வேறு விஷயம், அது தாராளமாகப் போகட்டும். படத்துக்கென்று பொண்ணு மாப்பிள்ளையை மழைக்குள் வாகனத்தில் ஏற்றி இறக்க வேண்டாம். கடற்கரையும் இந்த மாதத்தில் கொந்தளிப்பாக இருக்கும், உப்புத் தூறல் லென்ஸில் படியும். மழை விட்ட உடனே வரும் பத்துப் பதினைந்து நிமிட வெளிச்சத்துக்கு வீட்டு வளவே போதும்: நனைந்த மணல், கறுத்த பனைகள், வேலியோரம். செருப்பை வாசலில் தயாராக வைத்திருங்கள். மாலை என்றால் ஐந்தே முக்காலுக்குக் கிட்டச் சூரியன் மறைந்துவிடும் என்பதால் ஐந்து மணிக்கே கூப்பிட வேண்டும். ட்ரோன் பறக்கவிடும் யோசனை யாருக்காவது இருந்தால், சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பார்க்காமல் தொடாதீர்கள். கடற்படைத் தளமும் சீனக்குடா விமான நிலையமும் உள்ள ஊர் இது.

இன்னொரு ஃபிளாஷ் வாங்க வேண்டாம். அந்தக் காசில் கண்ணாடிப் பொலித்தீனும், மணவறைக்கு மேலே கட்ட வெள்ளைத் துணியும், ஒரு மேலதிகப் பற்றரியும், இரண்டாவது மெமரி காட்டும் வாங்கலாம், மிச்சமும் வரும். உண்மையில் உங்களிடம் இல்லாதது இரண்டாவது கமராதான். உள்ள ஒன்று தாலி கட்டும் நேரத்தில் நின்றுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. தெரிந்தவர் யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, 18-55 லென்ஸை அதில் போட்டு, ஏசி அறைக்குக் கொண்டுபோகாமல் ஹோலிலேயே வையுங்கள்.