முகவரியை மாற்றினால் டிஸெபிலிட்டி எளிதாகக் கிடைக்குமா?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துவந்த எனக்கு வயது 51. பள்ளிப்படிப்புதான். தண்டுவடத் தேய்மானத்தால் இப்போது பாரம் தூக்க முடியவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஏராளமானோர் டிஸெபிலிட்டி (உடல்நலக் குறைவால் வேலை செய்ய இயலாதோருக்கான அரசு உதவித்தொகை) வாங்குகிறார்கள், அங்கே எளிதாகக் கிடைக்கும் என்கிறார்கள். அங்குள்ள உறவினர் வீட்டுக்குப் போய் விண்ணப்பிக்கலாமா?

பதில்: அதற்காக வீடு மாற வேண்டாம். 1956இல் சட்டமான இந்த உதவித்தொகைத் திட்டம் கூட்டரசுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசுக்கு, உரியது. மருத்துவ ஆவணங்களைப் பார்த்து முதல் முடிவைச் சொல்வது மாநில அலுவலகம் என்றாலும், அது பின்பற்ற வேண்டிய விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே. உங்கள் ஊரில் உங்களுக்கேற்ற வேலை இல்லை என்ற வாதமும் எடுபடாது. நாட்டின் வேறு பல பகுதிகளில் அத்தகைய வேலை போதிய எண்ணிக்கையில் இருந்தாலே விண்ணப்பத்தை மறுக்கலாம்.

அப்படியானால் மேற்கு வர்ஜீனியா, கென்டகி, ஆர்கன்சா, அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்களில் மட்டும் இந்த உதவித்தொகை பெறுவோர் விகிதம் ஏன் இவ்வளவு அதிகம்? அதிகாரிகளின் தாராள மனம் என்பது வம்புப் பேச்சு. சுரங்கத்திலும் ஆலையிலும் உடலை வருத்தி உழைத்தவர்கள், கல்லூரிக்குப் போகாதவர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள் அங்கே மிகுதி. படித்த இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியேறியதால் மேற்கு வர்ஜீனியாவில் இருப்போரின் சராசரி வயதும் கூடிவிட்டது. விகிதம் மிகக் குறைவாக உள்ள யூட்டாவோ நாட்டிலேயே இளைய மக்களைக் கொண்ட மாநிலம். வேலைச் சந்தைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு: 1970களில் நிலக்கரித் தொழில் செழித்தபோது சுரங்க வட்டாரங்களில் இந்த உதவித்தொகைச் செலவு தணிந்ததையும், 1980களில் அத்தொழில் சரிந்தபோது அது ஏறியதையும் பொருளியலாளர்கள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். முதுகுவலியோடு மேசை வேலைக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பு, சுரங்கம் மூடப்பட்ட ஊரில் அரிது.

வயது, படிப்பு, பார்த்த வேலை ஆகிய இந்தக் காரணிகள் விதியிலேயே எழுதப்பட்டிருப்பதுதான் உங்களுக்கு முக்கியம். தனித்திறன் கோராத வேலை பார்த்த, பள்ளிப்படிப்பு மட்டுமுள்ள ஒருவர், 50 வயதுக்கு மேல், உட்கார்ந்து பார்க்கும் வேலையை மட்டுமே செய்ய இயலும் என்று தீர்மானமானால் பெரும்பாலும் தகுதி பெறுகிறார். ஆனால் அதே நபரால் 20 பவுண்டு வரை அவ்வப்போது தூக்கி, நாளின் பெரும்பகுதி நிற்க இயலும் என்று கருதப்பட்டால், 55 வயதுக்கு முன் மறுக்கப்படுகிறார். ஆகவே 'கடும் முதுகுவலி' என்று மட்டும் எழுதும் மருத்துவச் சான்று போதாது. எத்தனை பவுண்டு, எவ்வளவு நேரம் நிற்க இயலும், இந்நிலை 12 மாதமாவது நீடிக்குமா என்பவற்றை மருத்துவர் எழுத வேண்டும். கடந்த 5 ஆண்டு வேலைகளில் தூக்கிய எடைகளையும் விண்ணப்பத்தில் விவரியுங்கள். 2024 வரை 15 ஆண்டுக் கணக்கு கேட்டார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் உண்மையாகவே மாறுவது ஒன்று உண்டு, அது உங்கள் பக்கமே சாய்கிறது. நியூ ஜெர்சியில் 26 வாரம் வரை தற்காலிக டிஸெபிலிட்டிக் காப்பீடு தரப்படுகிறது. மேற்கு வர்ஜீனியாவில் அத்தகைய மாநிலத் திட்டம் இல்லை. வேலையை விட்டு அதிக நாள் ஆகவில்லையென்றால் முதலில் அந்த நியூ ஜெர்சிக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். கூட்டரசு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.