அறுபதைக் கடந்தவர்கள் எடை குறைக்கப் பணம் கட்டும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 67, எடை 84 கிலோ. பாலக்கோடு அருகே விவசாயம் செய்துவந்தவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். 'மூன்றே மாதத்தில் 12 கிலோ குறைப்பு உறுதி, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வை' என்று துண்டறிக்கை கொடுத்த உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் ஓராண்டுக் கட்டணம் 18,000 ரூபாய் செலுத்தி அவரைச் சேர்த்தேன். பிசியோதெரபிஸ்ட் என்று யாரும் அங்கே வரவில்லை. இளைஞர்களுக்கு உரிய பயிற்சியையே இவருக்கும் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பயிற்சியின் நடுவே வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பணத்தைக் கேட்டால், 'செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். வழி உண்டா? (வாசகர், பாலக்கோடு வட்டம்)

பதில்: உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள சேவைக்காகப் பெற்ற தொகையை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரியை அச்சிட்டுக்கொள்வதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. ஆனால் உங்கள் தந்தை சலிப்படைந்து தாமாகவே நின்றிருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். மனம் மாறியதற்காகப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையைச் சட்டம் பொதுவாகத் தருவதில்லை. உங்கள் பக்கத்துக்கு வலு சேர்ப்பது அந்தத் துண்டறிக்கைதான். பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வை என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு அதைத் தராதது சேவைக் குறைபாடு. 12 கிலோ 'உறுதி' என்பது தவறாக வழிநடத்தும் விளம்பரம்.

துண்டறிக்கை, ரசீது, மருத்துவரின் சீட்டு ஆகியவற்றை முதலில் பத்திரப்படுத்துங்கள். வந்த நாட்களுக்கு உரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும்படியும், சிகிச்சைக்குச் செலவானதை ஈடுசெய்யும்படியும் கேட்டு, சேர்ப்பித்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். அதுவும் பயன்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. மனுவில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று எழுதாமல், 'சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை' என்று எழுதுங்கள். முன்னதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கே உண்டு என்பதால் வீண் அலைச்சல் நேரும்.

பணத்தைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது அந்தக் கை நடுக்கம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் உணவைக் குறைத்துக்கொண்டு பழக்கமில்லாத உடற்பயிற்சியில் இறங்கினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும். முதியவரைச் சேர்த்துக்கொள்ளும் கூடம், அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கேட்காமல் எடைக் கருவியில் மட்டும் ஏற்றிப் பார்த்திருந்தால், அங்கே முதியோர் பயிற்சி பற்றி அறிந்தவர் எவரும் இல்லை என்றே நான் கருதுவேன்.

முதுகு வலியைப் பொறுத்தவரை, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கே உரிய ஒரு காரணத்தையும் கவனிக்க வேண்டும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வரும்வரை இங்குள்ள பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் குடித்துவந்தார்கள். அந்த ஃபுளோரைடு எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து முதுகுத்தண்டையும் மூட்டுகளையும் விறைப்பாக்கிவிடும். இப்படிப்பட்ட எலும்பு எக்ஸ்ரே படத்தில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் எளிதில் முறியக்கூடியது. உங்கள் தந்தைக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்து 60ஐக் கடந்தவருக்கு முதுகு விறைப்பு இருந்தால், குனிந்து பாரம் தூக்கும் பயிற்சிக்கு முன் எலும்பு மருத்துவரிடம் காட்டுவது அவசியம். 'எடையைக் குறைத்தால் எல்லா வலியும் போய்விடும்' என்று விற்பவர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை.

கேள்வி: எனக்கு வயது 65. பயிற்சியில் சேர விரும்புகிறேன். எதைப் பார்த்துச் சேர வேண்டும்? எத்தனை கிலோ குறைப்பதாக எழுதி வாங்க வேண்டும்? (வாசகி, காவேரிப்பட்டினம்)

பதில்: கிலோவை எழுதி வாங்காதீர்கள். தசைக்குப் பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் குறைத்து முதியவர் ஒருவர் எடை இழக்கும்போது, கொழுப்போடு தசையும் எலும்பின் வலுவும் சேர்ந்தே போகின்றன; எடைக் கருவி இரண்டையும் பிரித்துக் காட்டாது. நம் வயதில் விலை கொடுத்து வாங்க வேண்டியது வலு. அதை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, சுவரோரமாகப் போட்ட நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று, அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 65 முதல் 69 வயது வரையுள்ள பெண்கள் 11 முறைக்குக் குறைவாகவும் ஆண்கள் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. விழும் அபாயம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். சேரும் நாளில் இந்த எண்ணிக்கையையும் இடுப்புச் சுற்றளவையும் சேர்க்கைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். மாதந்தோறும் மீண்டும் அளந்து எழுத வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, 2 நாளாவது தசை வலுப் பயிற்சி, 3 நாளாவது சமநிலையோடு கூடிய பயிற்சி. நடைக்கு நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. எட்டையும் நடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. எனவே கூடத்தில் நீங்கள் விலைக்கு வாங்குவது மற்ற இரண்டையும்தான். அவற்றைக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டா என்று மட்டும் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால் பட்டச் சான்றைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. மூட்டு வலியால் வீட்டை விட்டே வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறவும் வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாதக் கட்டணமாகவே செலுத்துங்கள். ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள். பாதியில் நிற்பவர்களை நம்பியே அந்தச் சலுகை ஓடுகிறது. ரசீதில் வரியையும் பாருங்கள்: உடற்பயிற்சிக் கூடங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத கூடம் அந்த 5 விழுக்காட்டையும் வசூலிக்கக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்காக ட்ரெட்மில் வாங்கலாமா? பெங்களூரில் வாங்கினால் விலை குறைகிறது. (வாசகர், ஓசூர்)

பதில்: தெருநாய்களுக்கும் லாரிகளுக்கும் அஞ்சி அவர் வெளியே நடப்பதில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பதால் சமநிலை வளராது. வலு கூட்டவும் அது போதாது. மோட்டாரின் 'பீக்' குதிரைத்திறன் என்று பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு, தொடர்ந்து இயங்கும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். மணிக்கு 1 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் தொடங்குகிறதா, பக்கவாட்டுக் கைப்பிடிகள் நீளமானவையா, ஆடையில் மாட்டிக்கொண்டால் தடுமாறியதும் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புச் சாவி இருக்கிறதா என்று அம்மாவையே ஏற்றிச் சோதித்துப் பாருங்கள். ஓசூருக்கு ஆள் அனுப்பிப் பழுது பார்ப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடை கர்நாடகத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இணையத்தில் வாங்கினால், அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி.

கேள்வி: எடை குறைப்பு மையம் ஒன்றில், களியை நிறுத்திவிட்டு இரு வேளையும் பவுடரைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். ஒரு டப்பா 2,400 ரூபாய். எனக்கு வயது 62. குடிக்கலாமா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: களியின் மீது பழி சுமத்த வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. குறை என்னவென்றால் அதில் புரதம் 7 கிராம்தான். உருண்டையின் அளவைப் பாதியாக்கி, பயறோ கொள்ளோ முட்டையோ சேர்த்துக்கொண்டால் பவுடருக்குத் தேவை இராது. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பி, அது கொழுப்பைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருப்பதுதான் அதன் சிறப்பு. டப்பாவைப் பிரிக்கும் முன் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைத் தேடுங்கள். உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று அதை விளம்பரப்படுத்தியிருந்தால், 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் கீழ் அது குற்றம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் இடம்பெற்றிருக்கிறது. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவரானால், புரதப் பவுடர் எதையும் தொடும் முன் சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். டப்பாவை வாங்கியே ஆக வேண்டும் என்றால் ரசீதோடு வாங்குங்கள்; ரசீது தர மறுப்பதும் சட்டப்படி புகாருக்கு உரியதே.