அம்புக்குறி ஏன் துள்ளுகிறது?

கேள்வி: டீச்சர், நான் தங்கச்சிமடம். விசைப்படகுத் தொழில். ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் பேரனோடுதான் பொழுது போகிறது. ஐந்து வயசு. போனை என்னைவிட நன்றாக நோண்டுவான். வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் மட்டும் மவுஸ் கைக்கு அடங்கமாட்டேன் என்கிறது. அம்பு படத்தைத் தாண்டி ஓட, அழுதுகொண்டே மவுஸை மேஜையில் அடிக்கிறான். கையில் ஏதும் கோளாறோ என்று அவன் அப்பத்தா பயப்படுகிறாள்.

பதில்: கையில் ஒன்றுமில்லை ஐயா, அப்பத்தாவிடம் சொல்லுங்கள். போனில் கண் பார்க்கிற இடத்திலேயே விரல் படுகிறது. மவுஸில் கை மேஜையில், கண் திரையில். முன்னே தள்ளினால் அம்பு மேலே போகிறது. சின்ன வயசில் வள்ளத்தில் சுக்கான் பிடித்திருப்பீர்கள். கை ஒரு பக்கம், வள்ளம் மறுபக்கம். அது முதல் நாளே பழகிவிட்டதா?

2004-ல் வெளியான மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் மவுஸ் ஓட்டுவதைப் பெரியவர்களோடு ஒப்பிட்டார்கள். அம்பு போய்ச் சேரவேண்டிய இடத்தின் கிட்டே வந்த பிறகுதான் பிள்ளைகள் அதிகம் தடுமாறினார்கள். ஆகவே பேரனை விட்டுவிட்டு கம்ப்யூட்டரைத் திருத்துங்கள். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ‘மவுஸ்’ திறந்து பாயின்டர், அதாவது அம்பின் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். அங்கேயே ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால், வெடுக்கென்று இழுக்கும்போது அம்பு இன்னும் தூரம் பாயும். வாண்டுகள் இழுப்பதே வெடுக்கென்றுதான். டெஸ்க்டாப்பில் கிளிக் செய்கிற குட்டிப் படங்களையும் (ஐகான்) பெரிதாக்குங்கள்.

வேகம் குறைந்தால் மேஜை விளிம்பு சீக்கிரம் வந்துவிடும். மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி தள்ளலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தானாகத் தோன்றாது, காட்டிக்கொடுங்கள். ஒயர் திரையைப் பார்த்து இருக்கட்டும். மவுஸ் கோணலானால் அம்பும் கோணலாகத்தான் போகும். இரண்டு கையாலும் பிடித்தால் பிடிக்கட்டும், எங்கள் லேபில் நான் தடுத்ததே இல்லை. டபுள் கிளிக், அழுத்தியபடி இழுப்பது இரண்டும் இப்போது வேண்டாம். ஜீகாம்ப்ரி என்ற இலவச மென்பொருளில், மவுஸை நகர்த்தினாலே மேலிருப்பது அழிந்து உள்ளே ஒளிந்த படம் தெரிகிற விளையாட்டு இருக்கிறது. அதில் தொடங்குங்கள்.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பொடிமணல். மவுஸைக் கவிழ்த்து அடியில் உள்ள ஓட்டையைத் துடையுங்கள். மேஜையில் கண்ணாடி போட்டிருந்தால் மேலே வெள்ளைத்தாள் விரியுங்கள். கண்ணாடிமேல் பல மவுஸ்கள் சரியாக ஓடாது. பிறகு நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கும் துள்ளினால் வேறு மவுஸ் வாங்குங்கள், சின்னக் கைக்கு ஏற்ற சின்ன மவுஸாக.